இம்பிளான்ட் இணைப்பு முனையை ஐந்து அச்சு மில்லிங் இயந்திரத்தில் நாமே வெட்டலாமா?

ஆய்வகத்தார் (தொடக்கப் பதிவு)

எங்கள் பல் ஆய்வகத்தில் ஐந்து அச்சு (மூன்று நேர் அச்சு, இரண்டு சுழல் அச்சு) மில்லிங் இயந்திரம் ஒன்று இருக்கிறது. இதுவரை அதில் சிர்கோனியா என்னும் பீங்கான் கிரவுன்களையும் தற்காலிக அக்ரிலிக் பிரிட்ஜ்களையும் மட்டுமே வெட்டி வந்தோம். அபட்மென்ட் (இம்பிளான்ட்டின் மேல் திருகிப் பொருத்தி, கிரவுனைத் தாங்கும் உறுப்பு) தேவைப்படும்போது, இம்பிளான்ட்டோடு பொருந்தும் இணைப்பு முனை தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டு மேற்பகுதி மட்டும் உருளையாக விடப்பட்டிருக்கும் டைட்டானியம் பிளாங்க்குகளை வாங்கி, அந்த மேற்பகுதியை ஈறின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்கிறோம்.

இயந்திரத்தை விற்றவர்கள் இப்போது வேறொன்று சொல்கிறார்கள். கூலன்ட் வசதியையும் புதிய கேம் (CAM, கட்டரின் பாதையை வகுக்கும் மென்பொருள்) தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால், 98 மி.மீ. விட்டமுள்ள டைட்டானியம் டிஸ்க்கிலிருந்து அபட்மென்ட்டை இணைப்பு முனை உட்பட முழுவதுமாக நாங்களே வெட்டிவிடலாமாம். பல இம்பிளான்ட்களை ஒன்றாக இணைக்கும் பார்களையும் அவ்வாறே செய்யலாமாம். ஐந்து அச்சு இருப்பதால் துல்லியம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்தத் துறையில் நேரடியாக வேலை செய்பவர்கள் விளக்கினால் முடிவெடுக்க உதவும்.

கடைசல்

உறுத்த வேண்டிய வாக்கியம்தான். அச்சுகளின் எண்ணிக்கை என்பது கட்டர் எங்கெல்லாம் எட்டும் என்பதைச் சொல்வது. எவ்வளவு சரியாக நிற்கும் என்பதைச் சொல்வதன்று. ஒவ்வொரு சுழல் அச்சையும் சேர்க்கும்போது அதன் மையம் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்னும் புதிய பிழைகளும் கூடவே வருகின்றன.

முதலில் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். எலும்புக்குள் செல்லும் ஃபிக்ஸ்சரும் அபட்மென்ட்டைப் பிடிக்கும் திருகும் மில்லிங் இயந்திரத்தின் வேலையே அல்ல. அவை தலைப்பகுதி நகரும் ஸ்விஸ் வகை லேத்துகளில், வழிகாட்டும் புஷ் (துளையுள்ள தாங்கு உருளை) வழியாகக் கம்பியை ஊட்டிக் கடையப்படுகின்றன. கட்டர் தொடும் இடத்துக்கு மிக அருகிலேயே கம்பி தாங்கப்படுவதால், 2 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள திருகுகூட வளையாமல் கடைசலுக்கு நிற்கிறது. மரையை ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டும் சுழல் வளைய முறையும் அதே லேத்தில்தான் பொருத்தப்படுகிறது. இவற்றை டிஸ்க்கிலிருந்து வெட்டுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

அபட்மென்ட்டோ இரண்டு இயல்புகள் சேர்ந்த பொருள். அதன் கீழ்ப்பாதி ஒரு சுழல் வடிவம்: கூம்பு அல்லது உருளை, அதில் அறுகோணம் போன்ற ஒரு பூட்டு, நடுவில் திருகுத் துளை. மேற்பாதி நோயாளிக்கு நோயாளி மாறும் கட்டற்ற வடிவம். கீழ்ப்பாதிக்குத் தேவை சில மைக்ரான்களுக்குள் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடங்கும் அளவும் ஒருமையமும். மேற்பாதிக்குத் தேவை எட்டும் திறன். தொழிற்சாலைகள் கீழ்ப்பாதியைக் கடைசல் இயந்திரத்திலும் மேற்பாதியை மில்லிங் இயந்திரத்திலும் செய்வதற்குக் காரணம் இதுதான். நீங்கள் இப்போது வாங்கும் பிளாங்க் அந்தப் பிரிவினையைச் சரியான இடத்தில் வெட்டி உங்களிடம் தருகிறது.

கேம் நிரலர்

கடைசல் சொல்வதன் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஐந்து அச்சுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. மேற்பாதிக்கு அவை எட்டும் திறனை மட்டும் தருவதில்லை, வெட்டும் தரத்தையும் தருகின்றன.

பந்து முனைக் கட்டரின் நுனிப் புள்ளியில் வெட்டு வேகம் சுழியம். கட்டரைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தப் புள்ளி உலோகத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. 2 மி.மீ. பந்து முனைக் கட்டரை நேராக நிறுத்தி 0.1 மி.மீ. ஆழத்தில் ஓட்டினால், உண்மையில் வெட்டும் விட்டம் ஏறத்தாழ 0.87 மி.மீ. மட்டுமே. அதே கட்டரை 15° சாய்த்தால் அந்த விட்டம் 1.31 மி.மீ. ஆகிறது, அதைவிட முக்கியமாக, வேகமற்ற நுனி உலோகத்தைத் தொடுவதே இல்லை. டைட்டானியத்தில் இந்த வேறுபாடு மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியும். மூன்று அச்சு இயந்திரத்தில் அபட்மென்ட்டின் தட்டையான தோள்பட்டையை முடிக்கும்போது வரும் மங்கலான, கிழிந்த பரப்பு பெரும்பாலும் நுனி தேய்த்ததன் விளைவே.

இரண்டாவது, சாய்க்க முடிந்தால் குட்டையான கட்டரையே பயன்படுத்தலாம். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கட்டரின் வளைவு அதன் வெளிநீட்டு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளரும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். மூன்றாவது, முன்பற்களில் திருகின் வாய் உதட்டுப் பக்கம் வராமல் இருக்க, திருகுத் துளையை 25° வரை சாய்த்து வடிவமைக்கிறார்கள் அல்லவா, அந்த வளைந்த துளையை மேலிருந்து ஒரு கோணத்திலும் கீழிருந்து நேராகவும் அணுகித்தான் வெட்ட முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் நகர வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நிரல்களில் பெரும்பாலானவை, இரண்டு சுழல் அச்சுகளையும் தேவையான கோணத்துக்குத் திருப்பிப் பூட்டிவிட்டு, பிறகு மூன்று நேர் அச்சுகளால் வெட்டுபவை. ஐந்தும் சேர்ந்து ஓடுவது ஈறைத் தொடும் வளைந்த பரப்பின் கடைசிச் சீரமைப்பில் மட்டுமே. இணைப்பு முனையை வெட்ட நேர்ந்தால் அதைக் கட்டாயமாகப் பூட்டிய நிலையில், ஒரே பக்கத்திலிருந்து, இடையில் திருப்பாமல் வெட்ட வேண்டும்.

அளவர்

அளவுச் சோதனைப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சில கணக்குகளை முன்வைக்கிறேன். இந்த விவாதத்தில் மைக்ரான் என்ற சொல் எளிதாக வந்துபோகிறது. அது வாயில் என்னவாக மாறுகிறது என்பது சொல்லப்படுவதில்லை.

கூம்பு இணைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 8° சாய்வுள்ள கூம்பில், அபட்மென்ட்டின் விட்டம் 10 மைக்ரான் பெரிதாகிவிட்டால், அது உட்காரும் உயரம் ஏறத்தாழ 36 மைக்ரான் மேலே போய்விடும். சாய்வு குறையக் குறைய இது பெருகும், 5.5° கூம்பில் அதே பிழை 50 மைக்ரானைத் தாண்டிவிடுகிறது. விட்டம் சிறிதாகிவிட்டாலோ, முடுக்கும்போது அபட்மென்ட் கூடுதலாக அமிழும். சில வடிவமைப்புகளில் கூம்பு பிடிக்கும் முன்பே அடிப்பகுதி முட்டிவிடும். அப்போது இறுக்கமாகத் தோன்றினாலும் கூம்பு வேலை செய்யாது.

அறுகோணத்தைப் பாருங்கள். ஸ்வீடனின் இம்பிளான்ட் முன்னோடி பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தத் தொடங்கிய அந்த மரபிலிருந்து வந்த வெளி அறுகோணம், எதிரெதிர் முகங்களுக்கு இடையே 2.7 மி.மீ. அகலமும் 0.7 மி.மீ. உயரமும் கொண்டது. அது முதலில் ஃபிக்ஸ்சரைத் திருகி உள்ளே செலுத்துவதற்கான பிடியாகத்தான் இருந்தது; சுழற்சியைத் தடுக்கும் பூட்டு என்ற பொறுப்பு பின்னால் அதன் தலையில் ஏற்றப்பட்டது. அந்த 2.7 மி.மீ. அறுகோணத்துக்கும் அதன் பொந்துக்கும் இடையே 20 மைக்ரான் இடைவெளி இருந்தால், அபட்மென்ட் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 0.7°, மொத்தம் 1.5° சுழலும். சுழற்சித் தளர்வு 2°க்குள் இருந்தால்தான் திருகு நிலைத்து நிற்கும் என்பது துறையில் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். அதாவது 30 மைக்ரான் இடைவெளியே உங்களை எல்லைக்கு வெளியே தள்ளிவிடும்.

இனி இயந்திரம். டிஸ்க் இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க்கை ஓர் அச்சில் முழுச் சுற்றும் திருப்பலாம். அதனால்தான் கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் கழற்றாமல் வெட்ட முடிகிறது. அந்தச் சுழல் மையம் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கணினி நினைப்பதற்கும் அது உண்மையில் இருக்கும் இடத்துக்கும் 10 மைக்ரான் வேறுபாடு இருந்தால், 180° திருப்பியபின் அது 20 மைக்ரானாக இரட்டிக்கிறது. இதன்மேல் 0.01° கோணப் பிழை சேர்ந்தால், அச்சிலிருந்து 45 மி.மீ. தள்ளி, டிஸ்க்கின் விளிம்பருகே வெட்டும் உறுப்பில் இன்னும் 8 மைக்ரான். ஒரே நிரல், ஒரே கட்டர், ஒரே நாள். ஆனாலும் டிஸ்க்கின் நடுவில் வெட்டியது பொருந்தும், ஓரத்தில் வெட்டியது பொருந்தாது என்ற புகார் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும்.

ஆய்வகத்தார்

இயந்திரத்தின் விவரத் தாளில் மீள்துல்லியம் 5 மைக்ரான் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் கணக்கில் வரும் 20, 30 மைக்ரான் பிழைகள் எங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துமா?

அளவர்

பொருந்தும். மீள்துல்லியம் என்பது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லும்போது எவ்வளவு சிதறுகிறது என்பது. அந்த இடம் சரியான இடமா என்பதை அது சொல்லாது. எப்போதும் 25 மைக்ரான் இடப்பக்கம் தள்ளியே போய் நிற்கும் இயந்திரமும் 5 மைக்ரான் மீள்துல்லியம் கொண்டதுதான். தவிர, அந்த எண் பெரும்பாலும் நேர் அச்சுகளுக்கானது. சுழல் அச்சுகளின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். அது கோணத்தில் வரும். நீங்களே ஆரத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. உயரமுள்ள வார்ப்பு இரும்புத் தூண் 5° செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 11 மைக்ரான் வளர்கிறது. காலையில் குளிர்ந்த ஸ்பிண்டிலுடன் வெட்டிய முதல் உறுப்பும், நண்பகலில் வெட்டிய உறுப்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமானால், வெட்டத் தொடங்கும் முன் ஸ்பிண்டிலைச் சும்மா ஓட்டிச் சூடேற்றியே தீர வேண்டும்.

கடைசல்

அளவர் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்கிறேன். என் பார்வையில் இதுதான் முழு விவாதத்தின் மையம். திருகின் தலை உட்காரும் இருக்கையை மேலிருந்துதான் வெட்ட முடியும். இணைப்பு முனையைக் கீழிருந்துதான் வெட்ட முடியும். எனவே கேம் நிரலர் சொன்னபடி இணைப்பு முனையை ஒரே பக்கத்திலிருந்து, பூட்டிய நிலையில், குறையின்றி வெட்டினாலும், அதற்கும் திருகு இருக்கைக்கும் உள்ள ஒருமையம் அந்த 180° திருப்பலை நம்பியே இருக்கிறது. இருக்கை 30 மைக்ரான் தள்ளியோ சாய்ந்தோ இருந்தால் திருகின் தலை ஒரு பக்கம் மட்டும் அழுந்தி, இறுக்கும்போதே திருகு வளைவு விசையை ஏற்றுக்கொள்ளும். கடைசல் இயந்திரத்தில் முதல் ஸ்பிண்டில் பிடித்திருக்கும் பொருளை எதிர் ஸ்பிண்டில் வாங்கிக்கொண்டு மறுபக்கத்தை முடிக்கிறது. அங்கும் கைமாறுதல் உண்டு; ஆனால் இரு பக்கமும் பொருள் தன் மையத்திலேயே சுழல்வதால் ஒருமையம் இயல்பாகவே காக்கப்படுகிறது.

பல் மருத்துவர்

நோயாளியின் வாயிலிருந்து பார்க்கும் ஒருவனின் கருத்தாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். அபட்மென்ட் திருகை வடிவமைப்புக்கு ஏற்ப 20 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை முடுக்குகிறோம். அந்த முடுக்கம் திருகை மெல்ல நீட்டி, அதன் இழுவிசையால் அபட்மென்ட்டை இம்பிளான்ட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. மெல்லும் விசை அந்த அழுத்தத்தைத் தாண்டாதவரை இணைப்பு திறக்காது. ஆனால் முடுக்கத்தின் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிறது. இருக்கை சொரசொரப்பாகவோ சாய்ந்தோ இருந்தால், டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே திருகில் சேர்ந்திருக்கும் இழுவிசை குறைவாக இருக்கும். அந்த இழப்பை நாற்காலிப் பக்கத்தில் எந்தக் கருவியாலும் நான் அறிய முடியாது. எக்ஸ்ரே படத்திலும் சில பத்து மைக்ரான் இடைவெளி தெரியாது. சில மாதங்கள் கழித்துக் கிரவுன் ஆடுகிறது என்று நோயாளி வரும்போதுதான் தெரியும்.

திருகு உடைந்தால் மாற்றலாம், அபட்மென்ட்டையும் மாற்றலாம். ஃபிக்ஸ்சரின் உட்புறம் தேய்ந்துவிட்டால் அதை எலும்பிலிருந்து எடுப்பதைத் தவிர வழி குறைவு. இதனால்தான் சிர்கோனியா நேரடியாக டைட்டானியம் ஃபிக்ஸ்சரோடு உரசும் அபட்மென்ட்களை நான் விரும்புவதில்லை. கடினமான பீங்கான் மென்மையான உலோகத்தைத் தேய்க்கும்.

இம்பிளான்ட்களுக்கான சோர்வுச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 14801, எலும்பு 3 மி.மீ. கரைந்துபோன நிலையை ஒத்திருக்கும்படி இம்பிளான்ட்டைப் பொருத்தி, 30° சாய்வில் விசை கொடுத்து, உலர்நிலையில் 50 லட்சம் சுழற்சிகள் வரை பார்க்கச் சொல்கிறது. தொழிற்சாலை அந்தச் சோதனையைத் தன் ஃபிக்ஸ்சர், அபட்மென்ட், திருகு மூன்றையும் சேர்த்துச் செய்கிறது. ஆய்வகம் தானே இணைப்பு முனையை வெட்டும் நாளில் அந்தச் சான்று அங்கே முடிந்துபோகிறது. உங்களுடையது சோதிக்கப்படாத புதிய இணைப்பு.

கேம் நிரலர்

மருத்துவர் சொன்ன சிர்கோனியா பற்றி ஒரு குறிப்பு. முழுவதும் சுடப்படாத நிலையில் வெட்டி, பிறகு 1,500° செல்சியஸ் அளவில் சுடும்போது சிர்கோனியா ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 20 விழுக்காடு சுருங்குகிறது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அச்சிட்டிருக்கும் பெருக்க எண்ணைக் கொண்டு அதை ஈடுசெய்கிறோம். கிரவுனின் உட்புறத்துக்கு அது போதும், பசைக்கு இடம் விட்டிருக்கிறோம். அறுகோணத்துக்குப் போதாது. எனவே டைட்டானியம் பேஸின் (இணைப்பு முனையுள்ள அடித்துண்டின்) மேல் சிர்கோனியாவை ஒட்டுவதே முறையாக நிலைத்துவிட்டது. இங்கும் இணைப்பு முனை கடைசல் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது.

ஆனால் கடைசலோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். இணைப்பு முனையை மில்லிங்கில் வெட்டவே கூடாது என்ற முடிவுக்குப் போனால் பார்களை என்ன செய்வது? நான்கு அல்லது ஆறு இம்பிளான்ட்களை ஒரே துண்டாக இணைக்கும் பாரை லேத்தில் கடைய முடியாது. பெரிய மில்லிங் நிலையங்கள் அவற்றை ஐந்து அச்சு இயந்திரங்களிலேயே வெட்டுகின்றன, பொருந்தவும் செய்கின்றன. வேறுபாடு முறையில் இல்லை, இயந்திரத்தின் தரத்தில் இருக்கிறது: பல டன் எடையுள்ள உடல், அச்சின் இருப்பிடத்தை மோட்டாரிலிருந்து ஊகிக்காமல் நேரடியாக அளக்கும் கண்ணாடி அளவுகோல்கள், வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறை, டிஸ்க்கைத் திருப்பியதும் சோதனை முள்ளால் மையத்தைத் தொட்டுப் பார்த்துத் திருத்தும் வழக்கம்.

கடைசல்

ஏற்கிறேன். பார் தனி வகை. அதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேசைமேல் வைக்கும் இயந்திரத்தையும் பல டன் இயந்திரத்தையும் ஐந்து அச்சு என்ற ஒரே பெயரில் விற்பதுதான் எனக்கு வருத்தம்.

பாரைப் பற்றிப் பேசும்போது வரிசையையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் உள்ளே அடைபட்டிருக்கும் உள்விசைகள், சுற்றியுள்ள உலோகம் நீங்க நீங்க விடுபடுகின்றன. குதிரை லாட வடிவப் பார் மெல்ல விரியும் அல்லது மடங்கும். இம்பிளான்ட்களின் மேல் உட்காரும் இருக்கைகளை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை வெட்டினால், முடித்த இருக்கைகள் இடம் மாறிப் போகும். எனவே இரு பக்கமும் முரட்டு வெட்டை முழுவதுமாக முடித்து, பாரை டிஸ்க்கோடு பிடித்திருக்கும் இணைப்புத் தண்டுகளில் தளர விட்டு, பிறகே எல்லா இருக்கைகளையும் ஒரே அமர்வில், ஒரே கட்டரால் முடிக்க வேண்டும்.

டைட்டானியத்தின் குணத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த, 23ஆம் தரம் எனப்படும் வகையின் வெப்பக் கடத்தல் சாதாரண எஃகின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். வெப்பம் சீவலோடு போகாமல் கட்டரின் விளிம்பிலேயே தங்கி அதை மழுக்குகிறது. அதன் விறைப்பும் எஃகில் பாதி என்பதால், மழுங்கிய கட்டருக்கு முன் உலோகம் விலகிக்கொடுத்து, கட்டர் கடந்ததும் திரும்பி வந்துவிடும். நிரலில் சரியான அளவு, கையில் தடித்த உறுப்பு. கார்பைடு கட்டருக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் அளவு வேகம் என்று வைத்தால் 1 மி.மீ. கட்டர் நிமிடத்துக்கு 19,000 சுற்று கேட்கும். சிர்கோனியாவுக்குப் பழகியவர்கள் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட்டிக் கட்டரைச் சுட்டுவிடுகிறார்கள். இணைப்பு முனையை முடிக்கும் கட்டரை வேறு எந்த வெட்டுக்கும் பயன்படுத்தாமல், வெட்டிய நிமிடங்களை எழுதி வைத்து, உடையும் முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

இன்னொன்று, நுண்ணிய டைட்டானியத் தூள் எரியக்கூடியது. அதன் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தீக்கென உள்ள டி வகை அணைப்பான் இயந்திரத்தருகே இருக்க வேண்டும். சிர்கோனியா தூளை உறிஞ்சும் அதே உறிஞ்சியில் இதையும் சேர்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஆய்வகத்தார்

தெளிவாகிவிட்டது. தனி அபட்மென்ட்களுக்கு இப்போதைப் போலவே தொழிற்சாலை இணைப்பு முனையுள்ள பிளாங்க்குகளையே தொடர்வோம். பார்களை வடிவமைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வெட்டுவதைப் பெரிய மில்லிங் நிலையத்துக்கு அனுப்புவோம். கூலன்ட் வசதியை மட்டும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். பிளாங்க்கின் மேற்பகுதிக்கே அது உதவும்.

பிளாங்க் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இணைப்பு முனை சரியாக இருந்தும், வெட்டிய மேற்பகுதி சில வேளைகளில் ஒரு பக்கம் சாய்ந்தது போல் வந்து, கிரவுனின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மேலே நிற்கிறது. இது சுழல் அச்சின் பிழையா?

அளவர்

இருக்கலாம், ஆனால் முதலில் பிளாங்க்கைப் பிடிக்கும் ஹோல்டரைப் பாருங்கள். 10 மி.மீ. அகலமுள்ள இருக்கையின் ஒரு ஓரத்தில் 20 மைக்ரான் தடிப்புள்ள ஒரு சீவல் ஒட்டியிருந்தால், 12 மி.மீ. உயரத்தில் உள்ள விளிம்பு 24 மைக்ரான் பக்கவாட்டில் தள்ளிப்போகும். சாய்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் வந்தால் காரணம் அழுக்கு அல்லது தளர்ந்த ஹோல்டர் திருகு. எப்போதும் ஒரே திசையில் வந்தால் சுழல் மையத்தின் அளவீடு விலகியிருக்கிறது. வெட்டும்போது இயந்திரத்தின் முன்பக்கம் எது என்பதை ஒவ்வொரு அபட்மென்ட்டிலும் ஒரு சிறு கீறலால் குறித்து வாருங்கள். சில உறுப்புகளிலேயே விடை கிடைத்துவிடும்.

கேம் நிரலர்

கீறலை விளிம்புக்குக் கீழே, ஈறைத் தொடும் பரப்பில் போட வேண்டாம். திருகுத் துளையின் வாய்க்கு அருகே, கிரவுன் மூடும் பகுதியில் 0.2 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளமாக நிரலிலேயே சேர்த்துவிடலாம்.